நாற்பதுக்கு இருபது

சிலுவைக்குடிக் காலனியின் முப்பத்தாறு வீடுகளும் ஒன்றரை மடங்கு பெரிதானது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. அமலோற்பவம் அப்போது பள்ளிக்கூடத்து அடுப்பில் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்; அவளுடைய ஒரே மகள் பிரிஸ்கா காய்ச்சலில் செத்துப்போய் அன்றோடு நாற்பத்தோரு நாள். மணி எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத்தான், அதுவும் கரண்ட் இருந்தால்தான், அன்றைக்கு இருந்தது.

பாடம் நடத்துகிறவர் ஹெலன் டீச்சர். வாரத்தில் மூன்று அரைநாள் டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்து, பத்து மிஷினில் வேலை செய்கிற ஆறு மிஷினை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆமையை ஓட்டக் கற்றுக்கொடுப்பார். கம்ப்யூட்டர் திரைக்கு நடுவில் விரல்நகம் அளவுக்கு ஓர் ஆமை இருக்கும். முன்னால் நூறு என்று அடித்தால் நூறு புள்ளி நகரும், வலது தொண்ணூறு என்றால் திரும்பும், போகிற வழியெல்லாம் பின்னால் கோடு விழும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை. பிள்ளைகளை வீடு போடச் சொன்னால் எல்லாரும் முன்பக்கமாக நின்று பார்த்து, முக்கோணக் கூரையும், காலனியில் இல்லாத தென்னைமரமும், மலைக்கு நடுவே சூரியனும் போடுவார்கள். பிரிஸ்கா மட்டும் கூரையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்த்துப் போட்டாள்: பதினாறுக்குப் பன்னிரண்டு அடியில் நாலு சுவர், வாசலுக்கு ஓர் இடைவெளி, அடுப்படிக்குத் தடுப்பு, கடல் பக்கத்துச் சுவரை ஒட்டிச் சின்னதாக ஒரு கட்டம். ஓர் அடிக்குப் பத்துப் புள்ளி என்று கணக்கு வைத்திருந்தாள். ஒரு வீட்டை ஒழுங்காக எழுதிவிட்டு, அதை முப்பத்தாறு தடவை திருப்பிப் போடு என்று ஆமைக்குச் சொல்லிவிட்டாள், ஏனென்றால் கடல் வந்து பழைய குடிசைகளை வழித்துக்கொண்டு போன பிறகு நிவாரணத்தில் கட்டிக்கொடுத்த வீடுகள், முப்பத்தாறும் ஒரே அச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹெலன் டீச்சர் நடத்தியது, போட்ட படத்தை எப்படிப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது என்ற பாடம். படத்திலிருக்கிற எல்லா எண்ணையும் 'அளவு' என்ற ஒன்றால் பெருக்கி வைத்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மொத்தமும் விரியும், சுருங்கும். பாடம் வருமுன்னே டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படிப் பெருக்கி எழுதியிருந்த ஒரே பிள்ளை பிரிஸ்காதான். டீச்சர் அவளுடைய படத்தைத் திறந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அளவு ஒன்று என்று இருந்ததை ஒன்றரை என்று மாற்றி அமுக்கினார். திரையில் வீடுகள் விரிந்தன. ஜன்னலுக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்கு இந்தப் பக்கம், காலனியும் விரிந்தது.

காலனியில் யாரும் மயங்கி விழவில்லை. ஒரு காலத்தில் கால்மணி நேரத்தில் ஊரே காணாமல் போனதைப் பார்த்தவர்கள், வீடு பெரிதானதற்கா விழப்போகிறார்கள்? ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை கயிற்றை எடுத்துக்கொண்டு வீடுவீடாக ஏறி, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பெரிதாகியிருக்கிறதா என்று அளந்தார். ஒருத்தனுக்கு மட்டும் பெரிதாகியிருந்தால் அன்றைக்கே வெட்டுக்குத்து நடந்திருக்கும். எல்லாம் இருபத்துநாலுக்குப் பதினெட்டு என்று தெரிந்ததும் ஊர் மூச்சுவிட்டது. சந்துகளும் சேர்ந்து அகன்றதால் சுவரோடு சுவர் இடிக்கவில்லை, சவுக்குத் தோப்பு தானாகவே கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டது. உயரம் மட்டும் கூடவில்லை, ஏனென்றால் ஆமை தரையில் ஊர்கிற ஜீவன், அதற்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. கட்டில், பீரோ, பானை எல்லாம் பழைய அளவிலேயே, இவ்வளவு பெரிய அறையில் நாம் எங்கே போய் நிற்பது என்று விழித்துக்கொண்டு நின்றன. பிரிஸ்கா அவற்றைப் போடவில்லை. தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து இரண்டு நாள் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, டேப் ஒன்று சொல்கிறது ரிஜிஸ்டர் ஒன்று சொல்கிறது என்றால் ரிஜிஸ்டர்தான் சரி என்று பழைய அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டுப் போனார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த லியோன், நடுவில் ஒரு தடுப்பு வைத்துத் தனியறை கண்டான். பத்தாம் மாதம் பிள்ளையும் கண்டான். கல்யாணம் என்றால் அளவு இரண்டு, மற்ற நாளில் ஒன்றரை, சாவு விழுந்தால் மூன்று நாளைக்கு எண்ணில் கை வைக்கக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டு, முத்திரை குத்தி ஹெலன் டீச்சருக்கு அனுப்பியது. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு முப்பத்தாறு வீடும் பெரிதாகுமே, அதில் பெண்களுக்கு மட்டும் ஒரு மனக்குறை. வீடு இரண்டு மடங்கானால் பெருக்குகிற வேலை நாலு மடங்காகிறது என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்து வைக்கவில்லை, விளக்குமாற்றைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

இதெல்லாம் ஊர்க்கதை. அமலோற்பவத்தின் கதை அந்தச் சின்னக் கட்டத்தில் இருக்கிறது.

முதல்நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சிமென்ட் தரை இழுபட்டு வெளிறிப் போயிருந்தது, சுவர்கள் எங்கேயோ இருந்தன. ஆனால் கடல் பக்கத்தில், முன்பு சுவரை ஒட்டியிருந்த ஓர் இடம், நாலடி நீளம் இரண்டடி அகலம், பழைய கறுத்த தரையாகவே, பழைய வழவழப்போடு, கூடாமல் குறையாமல் கிடந்தது. சுவர்தான் அதை விட்டு இரண்டடி தள்ளிப் போயிருந்தது. அமலோற்பவம் மண்டியிட்டு அதைக் கையால் முழம்போட்டாள். போடாமலே தெரியும். பிரிஸ்கா பாயை விரித்து, காலை மடக்கிச் சுவரைப் பார்த்துப் படுக்கிற இடம்.

மகள் போன நாளிலிருந்து அமலோற்பவத்துக்குத் தூக்கம் கிடையாது. அவள் புருஷன் கஸ்பார் அடக்கம் முடிந்து வந்ததோடு சரி, வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கடற்கரையில் வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டான், சோற்றுக்கு மட்டும் வாசலுக்கு வருவான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். அப்படி இருந்த வீட்டில் அன்றைக்கு அமலோற்பவம் அந்தக் கறுத்த இடத்துக்குப் பக்கத்தில், அதன் விளிம்பில் முதுகு பட, அதற்குள் ஒரு விரல்கூட வைக்காமல் படுத்தாள். பிள்ளை படுத்திருந்தால் எப்படிப் படுப்பாளோ அப்படி. படுத்தவள் நாற்பத்தோரு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் வேண்டியது என்று ஒன்று இருந்தது என்றால் அந்த நாலடிதான்.

மற்ற முப்பத்தைந்து வீட்டிலும் அந்த இடம் இருந்தது, ஏனென்றால் எழுதியது ஒரே வீடு. முதலில் சிலர் அதன்மேல் அரிசி டிரம்மை வைத்தார்கள், தையல் மிஷினைப் போட்டார்கள். பிறகு இன்னது என்று தெரிந்ததும், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லாமலே, எடுத்து வேறு பக்கம் வைத்துவிட்டார்கள். பிரிஸ்கா இடம் என்று அதற்குப் பேர் வந்தது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவார்கள், காய்ச்சல் வந்த பிள்ளையை அதில் கொஞ்ச நேரம் கிடத்துவார்கள்.

ஹெலன் டீச்சர் ஒருநாள் சமையல் கொட்டகைக்கு வந்து, அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்திருந்த அண்டாமேல் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். எல்லாத்தையும் அளவால பெருக்கினவ, அந்த நாற்பதுக்கு இருபதை மட்டும் பெருக்காம விட்டுட்டா. வெறும் எண்ணா எழுதியிருந்தா. தப்புன்னு சொன்னேன். அதுக்கு அவ, 'டீச்சர், இது நான் படுக்குற இடம். வீடு பெருசானா நானும் பெருசாயிருவேனா? எனக்கு நாலடி போதும்'னா."

அமலோற்பவம் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன சொன்னிய?"

"அரை மார்க் குறைச்சிட்டேன்கா." டீச்சர் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அமலோற்பவம் அவர் தோளில் கை வைத்தாள். ஆறுதல் சொல்ல வேண்டியவர் அழுகிறார், அழ வேண்டியவள் ஆறுதல் சொல்கிறாள், சாம்பார் அடிப்பிடிக்கிறது.

"டீச்சர், அத மட்டும் மாத்திராதிய."

"மாத்த மாட்டேன்கா. சத்தியமா."

அந்தச் சத்தியம் அடுத்த வருஷம் மார்கழி வரைக்கும் நின்றது.

மார்கழியில் துறைமுகத்தில் எட்டாம் எண் புயல் கூண்டு ஏற்றினார்கள். மதியத்தோடு பஸ் நின்றது, ஓடை ஏறி ரோட்டை முழுங்கிவிட்டது, புயல் காப்பகம் ஓடைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை, அதை நம்பி யார் போவார்கள்? வீட்டை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. பல வருஷத்து உப்புக்காற்று கம்பியைத் தின்றிருந்தது, போதாக்குறைக்கு இப்போது சுவரெல்லாம் நீளமாகியிருந்ததே தவிரக் கனமாகவில்லை. ஆமையின் பேனா அப்படி. வீடு எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் கோட்டின் தடிமன் அதே தடிமன்தான். அதனால், எண்ணைக் குறைத்தால் அதே தடிச்சுவர் சின்ன வீட்டைச் சுற்றி இறுக்கமாக நிற்குமே என்று ஹெலன் டீச்சருக்குத் தோன்றியது. டவுனுக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தவர் தொம்மையிடம் சொன்னார், தொம்மை மணியடித்து ஊருக்குச் சொன்னார். சாமானையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆட்கள் நடுவில் நெருக்கி நின்றுகொண்டார்கள்; கஸ்பார் அன்றைக்கும் தன் வீட்டுக்குள் வராமல் தொம்மை வீட்டில் போய் ஒண்டிக்கொண்டான். டீச்சர் அளவை அரை என்று போட்டார்.

வீடுகள் எட்டுக்கு ஆறாகச் சுருங்கி, பாறை மாதிரி உட்கார்ந்தன. ஆனால் முப்பத்தாறு வீட்டிலும் கடல் பக்கத்துச் சுவர் இரண்டடி அகலத்துக்குத் தரையிலிருந்து கூரை வரைக்கும் பிளந்துகொண்டது. வீடு பாதியானாலும் பிரிஸ்கா இடம் பாதியாகவில்லை. நாலடியும் நாலடியாகவே நின்று, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நீட்டிக்கொண்டிருந்தது. சுவர் அதைத் தாண்டி மூட முடியவில்லை. மழை அந்த வழியாக வாளிவாளியாக உள்ளே வந்தது, காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிப் பார்த்தது.

என்ன செய்தால் மூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்றரை வருஷத்தில் காலனியில் எல்லாருக்கும் அந்த அளவுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருந்தது. தொம்மையும் நாலைந்து பேரும் நனைந்துகொண்டே அமலோற்பவத்தின் வாசலில் வந்து நின்றார்கள். அவள் பிளவுக்குக் குறுக்கே பாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்க வந்தவர்கள் அவளையும் பாயையும் பார்த்தார்கள்.

"சாக்கு வச்சு அடச்சுக்கிடுதோம் மயினி," என்றார் தொம்மை. "சும்மா சொல்லிட்டுப் போவலாம்னு வந்தோம்."

"ஆமா, சாக்கு போதும்," என்றான் லியோன். அவன் வீட்டில் அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையைப் பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றது அடுத்த வீட்டுப் பிளவு வழியாகத் தெரிந்தது.

அவர்கள் கேட்டிருந்தால் அமலோற்பவம் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. நல்ல மனிதர்கள் சில நேரம் இப்படித்தான் நம்மைக் கொல்வார்கள். பாயை லியோன் கையில் கொடுத்தாள், முக்காட்டை இழுத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

கரண்ட் போயிருந்தது. மிஷின் பேட்டரியில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, இன்னும் ஐந்தாறு நிமிஷம் தாங்கும் என்றார் டீச்சர். தலைக்குமேல் தகரம் அடித்துக்கொண்டது.

"நான் போடட்டுமாக்கா?"

"வேண்டாம். எங்கன்னு காட்டுங்க."

டீச்சர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். பிள்ளை எழுதியதை அமலோற்பவம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முன்னால் நாற்பது. வலது தொண்ணூறு. முன்னால் இருபது. வலது தொண்ணூறு. இதையே இரண்டு தடவை செய். எட்டாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். பிறகு நாற்பதுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியையும் 'அளவு' என்ற சொல்லையும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தாள். இருபதுக்குப் பக்கத்திலும் அடித்தாள். பேட்டரி கத்திக்கொண்டே இருந்தது, டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

"அவ எழுதுனது தப்பில்லல்ல?"

"தப்பில்லக்கா."

"அப்ப அந்த அரை மார்க்கக் குடுத்திருங்க."

"குடுத்திருதேன்கா."

அமலோற்பவம் பொத்தானை அமுக்கினாள். முப்பத்தாறு சுவர்களும் மூடிக்கொண்ட சத்தம் காற்றின் சத்தத்தில் கேட்கவில்லை.

புயல் சாயங்காலத்தோடு கரை கடந்து போனது. பள்ளிக்கூடத்துத் தகரம் நாலு பர்லாங்கு தள்ளி உப்பளத்தில் கிடைத்தது; நல்லவேளை, மிஷினை டீச்சர் முன்னதாகவே தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தார். காலனியில் ஓர் உயிர் போகவில்லை, லியோன் பிள்ளைக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. கரண்ட் வந்ததும் டீச்சர் அளவை ஒன்றில் வைத்தார். வீடுகள் பழையபடி பதினாறுக்குப் பன்னிரண்டு ஆயின, பிரிஸ்கா இடமும் நாலடிக்கு இரண்டடியாகச் சுவரை ஒட்டி வந்து நின்றது. ஆனால் அதன் கறுப்பு போய்விட்டிருந்தது, சுற்றியுள்ள தரை போலவே வெளிறியிருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆமை போட்ட மெல்லிய கோட்டை வைத்துத்தான் தெரிந்தது. அமலோற்பவம் அதன் விளிம்பில் படுத்துப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை.

பெருக்கலை எடுத்துவிடட்டுமா என்று டீச்சர் கேட்டார், அடுத்த புயலுக்கு மறுபடி பிளக்கவா என்று அமலோற்பவம் தடுத்துவிட்டாள். ஒன்றரை வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒன்றரைக்குப் போனால் அந்த இடமும் சேர்ந்து விரியுமே, அதை அவள் பார்க்கவேண்டி வருமே என்று ஊர் முழுக்க ஒன்றிலேயே ஒடுங்கிக் கிடந்தது. லியோன் தடுப்பை எடுத்துவிட்டு மறுபடி அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தான். தை போயிற்று, மாசி வந்தது. தொம்மை மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பந்தலை வெளியே போட்டுச் சமாளித்துக்கொள்கிறேன் என்று தொம்மை டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அமலோற்பவம் கேட்டுவிட்டாள்.

"ரெண்டு வைங்க டீச்சர்," என்றாள். "கல்யாணத்துக்கு எப்பவும் ரெண்டுதான்."

"மயினி, வேண்டாம்."

"கல்யாணப் புள்ளய வெயில்ல உக்கார வைப்பியளா? வைங்க டீச்சர்."

கல்யாணத்தன்று காலையில் வீடுகள் இரண்டு மடங்காயின. மேளம் கோயிலைவிட்டுக் காலனிக்குள் வந்தது, ஊரே தொம்மை வீட்டில் கூடிப் பந்தியில் உட்கார்ந்தது, அமலோற்பவத்தை மட்டும் காணவில்லை. கஸ்பார் இரண்டு பந்தி பார்த்தான். பிறகு ஒரு தட்டில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு வீட்டு வாசல்வரைக்கும் வந்து, வழக்கம்போல அங்கேயே நின்றான்.

உள்ளே, முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு விரிந்து கிடந்த தரையில், எட்டடிக்கு நாலடியாகப் பிரிஸ்கா இடம் கிடந்தது. அதன் ஒரு மூலையில் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையோடு அமலோற்பவம் காலை மடக்கிப் படுத்திருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, அடுத்த மூலைக்கு நகர்ந்து, அதே மாதிரி காலை மடக்கிப் படுத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"நாலு பேர் படுக்குற இடமாயிட்டு," என்றாள், தலையைத் தூக்காமல். "இதுல எது அவ படுத்த இடம்னு தெரியல. ஒவ்வொண்ணா படுத்துப் பாக்குதேன்."

"சோறு ஆறுது."

"நீங்க போங்க. மூணு ஆச்சு. அந்தா அது ஒண்ணுதான் பாக்கி."

கஸ்பார் தட்டைப் படியில் வைத்தான். கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வந்தான், அத்தனை நீளத் தரையையும் நடந்தான், மிச்சமிருந்த நாலாவது மூலையில் புது வேட்டியோடு படுத்து, நாலடிக்குள் அடங்கும்படி முழங்காலை நெஞ்சுவரைக்கும் மடக்கிக்கொண்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தொம்மை வீட்டில் சிரிப்பும் மேளமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அமலோற்பவம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் முதுகு குலுங்குவது தெரிந்தது.

"அங்கயா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி," என்றான் கஸ்பார். ஆனால் எழுந்திருக்கவில்லை.